ஹாஸ்கெலில் நினைவகக் கசிவு: சோம்பல் மதிப்பீட்டைப் புரிந்துகொண்டு சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பட்டியலின் சராசரியைக் காணும் நிரலை, ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியைக் கற்கும் எவரும் முதல் வாரத்திலேயே எழுதிவிடுவார்கள். கூட்டுத்தொகையை எண்ணிக்கையால் வகுத்தால் வேலை முடிந்தது. அதே நிரலிடம் பெரிய கோப்பு ஒன்றைக் கொடுத்தால், விடை சரியாகவே வரும். ஆனால் அதற்குள் கணினியின் நினைவகம் நிரம்பி வழியும். பாளையங்கோட்டையில் ஹாஸ்கெல் ஆர்வலர்கள் கூடும் எங்கள் சிறு வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, எங்கு தொடங்கினாலும் இந்த இடத்துக்கே வந்து சேர்கிறது. இந்தக் கசிவை நீங்களே உண்டாக்கி, அளந்து, காரணம் கண்டு, சரிசெய்யும் வழியை இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

நிரல் வரிகளைத் தமிழ் எழுத்திலேயே ஒலிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன். தட்டும்போது ஹாஸ்கெலின் வழக்கமான பெயர்களை இட்டுக்கொள்ளவும்.

முதற்படி: கருவிகளும் தரவும்

ஜி.எச்.சி.அப் என்னும் நிறுவியைக் கொண்டு, ஹாஸ்கெலின் ஜி.எச்.சி. கம்பைலரையும் கட்டுமானக் கருவியான கபாலையும் நிறுவிக்கொள்ளுங்கள். இதில் சொல்லிக்கொள்ளும்படி சிக்கல் எதுவும் இல்லை. ஜி.எச்.சி. 9.10 முதல், கீழே நாம் பயன்படுத்தப்போகும், பட்டியலை இடமிருந்து ஒவ்வோர் உறுப்பாகத் திரட்டும் ஃபோல்டுஎல்-ப்ரைம் (ஃபோல்டுஎல்') என்ற சார்பு, தானாகவே இறக்குமதியாகும் ப்ரெலூட் கூறிலேயே (மாட்யூல்) கிடைக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் டேட்டா.லிஸ்ட் கூறிலிருந்து அதை இறக்குமதி செய்துகொள்ள வேண்டும்.

தரவுக்கு நமக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாளிதழ்களின் நெல்லைப் பதிப்பில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம் அடிக்கணக்கிலும், வரத்தும் வெளியேற்றமும் கனஅடிக்கணக்கிலும் வெளியாகின்றன. பாபநாசத்தின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி, சேர்வலாற்றுக்கு 156 அடி, மணிமுத்தாற்றுக்கு 118 அடி. வரிக்கு ஒரு நீர்மட்டம் என எழுதிய கோப்பே நமது உள்ளீடு.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாளுக்கு ஒரு பதிவு என்றால், ஓர் அணைக்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 18,000 வரிகளே வரும். அந்த அளவில் எவ்வளவு மோசமான நிரலும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி முடிந்துவிடும். கசிவு இருப்பதே தெரியாது. எனவே சோதனைக்கென்று, 60.00 முதல் 99.99 வரையுள்ள எண்களை மாறிமாறி எழுதி 10 லட்சம் வரிகள் கொண்ட கோப்பு ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். எண்களை நிரலுக்குள்ளேயே பட்டியலாக உருவாக்கிவிடலாமே என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் கம்பைலரின் மேம்படுத்தல் அந்தப் பட்டியலையே கரைத்துவிடக்கூடும். நாம் பார்க்க விரும்பும் நோயும் அதோடு மறைந்துபோகும்.

இரண்டாம் படி: சோம்பலைக் கண்ணால் பார்த்தல்

ஹாஸ்கெலில் ஒரு பெயருக்குக் கோவையை இணைத்தால், அது உடனே கணக்கிடப்படுவதில்லை. தேவைப்படும்போது கணக்கிட வேண்டிய பொருளாக, நிரல் தன் மதிப்புகளை வைக்கும் ஹீப் நினைவகத்தில் அது உட்கார்ந்திருக்கும். இந்தப் பொருளைத் தங்க் என்பார்கள்; இப்படித் தள்ளிப்போடும் வழக்கமே சோம்பல் மதிப்பீடு. மளிகைக் கடைக்காரர் பற்று நோட்டில் வரிவரியாக எழுதிக்கொண்டே போய், நாம் கேட்கும் அன்றுதான் கூட்டிப் பார்ப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

ஜி.எச்.சி.யோடு வரும் ஊடாடு கருவியான ஜி.எச்.சி.ஐ.யைத் திறந்து பின்வரும் வரியைத் தட்டுங்கள்:

மீட்டர்கள் = மேப் (* 0.3048) [143, 156, 118] :: [டபிள்]

பிறகு, மதிப்பைக் கணக்கிடாமல் உள்ளதை உள்ளபடி காட்டும் :ஸ்பிரின்ட் கட்டளையை இதன்மேல் இயக்கினால், விடையாக ஓர் அடிக்கோடு மட்டுமே வரும். இன்னும் எதுவுமே கணக்கிடப்படவில்லை என்று பொருள். அடுத்து, ஒரு மதிப்பைக் கணக்கிடக் கட்டாயப்படுத்தும் ஸீக் சார்பைக் கொண்டு ஸீக் மீட்டர்கள் () என்று தட்டிவிட்டு மீண்டும் பாருங்கள். இப்போது _ : _ என்று காட்டும். பட்டியல் வெறுமையானதல்ல என்பது மட்டும் கணக்காகியிருக்கிறது. முதல் உறுப்பும் தெரியாது, எஞ்சிய வாலும் தெரியாது. நீளம் காணும் லெங்த் கேட்ட பிறகு [_,_,_] என்று வரும்: முதுகெலும்பு முழுதும் உருவாகிவிட்டது, உறுப்புகள் மட்டும் தங்க்குகளாகவே இருக்கின்றன. கூட்டுத்தொகை காணும் சம் கேட்ட பிறகுதான் எண்கள் வெளிப்படும்.

மேற்கண்ட வரியில் டபிள் என்று வகையைக் குறிப்பிடாமல் விட்டால், எத்தனை முறை கணக்கிட்டாலும் :ஸ்பிரின்ட் அடிக்கோட்டையே காட்டிக்கொண்டிருக்கும். வகை குறிப்பிடாத நிலையில் மீட்டர்கள் என்பது எந்த எண் வகைக்கும் பொருந்தும் ஒரு சார்பாகவே நிற்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்படுவதால், சேமித்து வைக்க அங்கே ஒன்றும் இல்லை. இதை அறியாமல் கருவியையே பழிப்பவர்கள் உண்டு.

ஸீக், மதிப்பின் வெளிக் கட்டமைப்பான் (வெறும் பட்டியலா, இணையா என்று காட்டும் வெளிக்கூடு) தெரியும் வரை மட்டுமே கணக்கிடும். அந்த நிலையை இக்கட்டுரையில் தலைவடிவம் என்று குறிப்பிடுகிறேன். கசிவு பற்றி இனி வருவதெல்லாம், ஒரு மதிப்பை யார் கேட்கிறார்கள், எப்போது கேட்கிறார்கள், எவ்வளவு ஆழம் கேட்கிறார்கள் என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும்.

மூன்றாம் படி: முதல் வடிவமும் அதன் அளவீடும்

சராசரி அளவுகள் = சம் அளவுகள் / ஃப்ரம்இன்டெக்ரல் (லெங்த் அளவுகள்)

கோப்பை ரீட்ஃபைல் கொண்டு படித்து, லைன்ஸ் கொண்டு வரிகளாக்கி, மேப் ரீட் கொண்டு எண்களாக்கி இந்தச் சார்புக்குக் கொடுங்கள். ரீட் மிக மெதுவானதுதான். ஆனால் நாம் இங்கே வேகத்தைப் பார்க்க வரவில்லை. மேம்படுத்தல் எதுவும் இல்லாமல், -ஆர்டிஎஸ்ஆப்ட்ஸ் கொடியை மட்டும் சேர்த்து கம்பைல் செய்து, +ஆர்டிஎஸ் -எஸ் என்ற தெரிவோடு இயக்குங்கள் (ஆர்டிஎஸ் என்பது நிரலோடு இணையும் இயக்கநேர அமைப்பு). அந்தக் கொடி இல்லாவிட்டால் இந்தத் தெரிவை நிரல் ஏற்காது.

இயங்கி முடிந்ததும் வரும் அறிக்கையின் முதல் வரியில், ஹீப்பில் ஒதுக்கப்பட்ட மொத்த பைட்டுகள் மிகப் பெரிய எண்ணாக நிற்கும். அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். தொடக்கம் முதல் இறுதி வரை உருவாகி அழிந்த எல்லாவற்றின் கூட்டுத்தொகை அது. ஒரே நேரத்தில் இருந்ததன் அளவு அன்று. பார்க்க வேண்டிய வரி மாக்ஸிமம் ரெஸிடென்ஸி என்பது. பயனற்ற தரவை நினைவகத்திலிருந்து அகற்றும் குப்பை சேகரிப்பான் பார்த்த நேரங்களில், உயிரோடு இருந்த தரவின் உச்சம் எவ்வளவு என்பதை அது சொல்கிறது.

அந்த எண் எவ்வளவு வரும் என்பதை இயக்குவதற்கு முன்பே கணிக்கலாம். 64 பிட் கணினியில் பட்டியலின் ஒவ்வொரு கண்ணியும் (ஓர் உறுப்பையும் எஞ்சிய வாலையும் சுட்டும் பொருள்) மூன்று சொல், அதாவது 24 பைட்; சொல் என்பது இங்கே 8 பைட் அலகு. டபிள் மதிப்பு ஒவ்வொன்றும் இரண்டு சொல், 16 பைட். ஆக உறுப்புக்கு 40 பைட். 10 லட்சம் உறுப்புகளுக்கு 40 மெகாபைட். சம் பட்டியலைக் கடந்துபோகும்போது, கடந்த கண்ணிகளைக் குப்பை சேகரிப்பானால் எடுக்க முடிவதில்லை; அதே பட்டியலுக்காக லெங்த் பின்னால் காத்துக்கொண்டிருக்கிறது. எடுக்க முடியாததால் எல்லாம் தங்கிவிடுகின்றன. லெங்த் முன்னால் ஓடினால் நிலைமை இன்னும் மோசம்: உறுப்புகள் எண்களாக மாறாமல், தத்தம் வரியின் எழுத்துகளைப் பிடித்தபடியே தங்க்குகளாகக் காத்திருக்கும்.

நான்காம் படி: ஒரே நடையில் இரண்டையும் கணக்கிடுதல்

பட்டியலை இருமுறை கடப்பதுதான் காரணம் என்றால், ஒரே முறை கடந்து கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் ஓர் இணையில் (ஜோடியில்) சேர்த்துக்கொண்டே போகலாம் அல்லவா? எல்லோரும் அடுத்து எழுதுவது இதைத்தான்:

படி (கூ, எண்) அளவு = (கூ + அளவு, எண் + 1)
மொத்தம் = ஃபோல்டுஎல்' படி (0, 0) அளவுகள்

ஃபோல்டுஎல் என்பதன் சோம்பலான வடிவத்தை விட்டு, ஒவ்வோர் அடியிலும் ஸீக் செய்யும் ப்ரைம் வடிவத்தையே எடுத்திருக்கிறோம். இருந்தும் இயக்கிப் பார்த்தால் உச்ச அளவு குறைந்திருக்காது. முதல் வடிவத்தைவிடக் கூடியிருக்கும். இந்த இடத்தில்தான் பலர் ஹாஸ்கெலின் மீது நம்பிக்கை இழக்கிறார்கள்.

ஃபோல்டுஎல்-ப்ரைம் தன் திரட்டியை (இதுவரை சேர்ந்த மதிப்பை) தலைவடிவம் வரை மட்டுமே கணக்கிடுகிறது. இணையின் தலைவடிவம் என்பது, இது ஓர் இணை என்று தெரிவதோடு முடிந்துவிட்டது. உள்ளே இருக்கும் கூட்டல்களை யாரும் கேட்கவில்லை. எனவே கூட்டுத்தொகை என்பது எண்ணாக இல்லாமல், 10 லட்சம் கூட்டல்களின் சங்கிலியாக வளர்கிறது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இன்னும் ரீட் செய்யப்படாத ஒரு வரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 98.45 என்ற ஐந்தெழுத்து வரிக்கு ஸ்டிரிங் (எழுத்துகளின் பட்டியல்) கண்ணிகள் மட்டுமே 120 பைட். தங்க்குகளின் கணக்கு அதற்கு மேல்.

கம்பைலர் இதைத் தானாகவே கணக்கிட்டுத் தீர்த்தால் என்ன? வரிக்கு வரி கூட்டுவது நல்லது என்று நமக்குத் தெரிவது அதற்குத் தெரியாதா? கோட்பாட்டுக் கேள்வி இங்கே நடைமுறைக்குள் வந்துவிடுகிறது. ஒரு சார்புக்கு முடிவுறாத அல்லது பிழையான மதிப்பைக் கொடுத்தால், விடையும் அப்படியே ஆகும் என்பது உறுதியானால் மட்டுமே அந்தச் சார்பைக் கண்டிப்பானது என்கிறோம். அந்த உறுதி கிடைத்தால்தான் கம்பைலர் உள்ளீட்டை முன்கூட்டியே கணக்கிடலாம். நம் படி சார்பு அத்தகையது அன்று. கூட்டுத்தொகை பிழையானாலும் அது ஓர் இணையையே திருப்பித் தருகிறது. எண்ணிக்கை அதில் நலமாக இருக்கும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்ததைப் போன்ற ஒரு நாளில், நீர்மட்டத்துக்குப் பதில் ‘பதிவு இல்லை’ என்று கோப்பில் எழுதியிருந்தால் என்ன ஆகும்? மொத்தம் எத்தனை வரிகள் என்று மட்டும் கேட்பவருக்குச் சோம்பலான நிரல் சரியான விடையைத் தரும். ஒவ்வொரு வரியையும் உடனே எண்ணாக்கும் நிரலோ, ரீட் தோற்றுப்போன அந்த வரியிலேயே நின்றுவிடும். இரண்டும் வெவ்வேறு பொருள் கொண்ட நிரல்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் உரிமை கம்பைலருக்கு இல்லை; எழுதுகிறவருக்குத்தான் உண்டு. நினைவகம் கசிவது கம்பைலரின் அறியாமையால் அன்று, நாம் சொன்ன பொருளை அது காப்பாற்றுவதால்தான். இதை உணர்ந்துவிட்டால் திருத்தம் எங்கே வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

ஐந்தாம் படி: கண்டிப்பை எங்கே வைப்பது

இரண்டு வழிகள் உள்ளன. படி சார்பின் அளபுருக்களுக்கு முன் வியப்புக்குறி இடுவது முதல் வழி:

படி (!கூ, !எண்) அளவு = (கூ + அளவு, எண் + 1)

இந்த வசதியின் பெயர் பேங் பேட்டர்ன்ஸ், ஜி.எச்.சி.2021 என்ற மொழித் தொகுப்பில் இது இயல்பாகவே இயங்குகிறது. ஒவ்வோர் அடியிலும் முந்தைய அடியின் கூட்டல் கணக்கிடப்பட்டுவிடுவதால், எந்த நேரத்திலும் ஒரு கூட்டலுக்கு மேல் பாக்கி நிற்காது.

இணையை விட்டுவிட்டு, கண்டிப்பான புலங்கள் கொண்ட புதிய வகையை அறிவிப்பது இரண்டாம் வழி:

டேட்டா திரட்டு = திரட்டு !டபிள் !இன்ட்

நான் இரண்டாம் வழியையே பரிந்துரைப்பேன். வியப்புக்குறியைச் சார்பில் வைத்தால், அந்தச் சார்பை எழுதியவரின் நினைவில் மட்டுமே அது வாழும். நாளை வேறொருவர் அதே இணையை வைத்து மற்றொரு சார்பு எழுதினால் கசிவு திரும்பி வந்துவிடும். வகையில் வைத்தால், திரட்டு ஒன்றை எங்கே யார் கட்டினாலும் உள்ளிருக்கும் எண்கள் கணக்காகியே இருக்கும். மேம்படுத்தலோடு கம்பைல் செய்யும்போது, இத்தகைய சிறு புலங்களை ஜி.எச்.சி. பெட்டியின்றி நேராகவே வைப்பதால், தனிப் பொருளுக்கான இடமும் மிச்சமாகிறது. கோப்பின் தலைப்பில் ஸ்டிரிக்ட்டேட்டா என்ற நீட்சியைச் சேர்த்தால், அந்தக் கோப்பில் அறிவிக்கும் எல்லா வகைகளின் புலங்களுக்கும் வியப்புக்குறி இட்டதாகவே கொள்ளப்படும். ஜி.எச்.சி. 8.0 முதல் இது உண்டு.

திருத்திய நிரலை மீண்டும் அளந்து பாருங்கள். கோப்பு சிறிது சிறிதாகப் படிக்கப்பட்டு, பயன்பட்ட வரிகள் உடனுக்குடன் குப்பையாகிவிடுவதால், உச்ச அளவு ஒரு மெகாபைட்டைத் தாண்டாது.

மேம்படுத்தலோடு கம்பைல் செய்தால் முந்தைய வடிவங்களில் சில தாமாகவே நலமடையக்கூடும். கம்பைலரின் கண்டிப்புப் பகுப்பாய்வு உண்மையிலேயே திறமையானது. ஆனால் அதை மட்டும் நம்பி நிரல் எழுதினால், ஒரு சிறு மாற்றத்தால் பகுப்பாய்வு தோற்கும் நாளில் காரணம் தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் கண்டிப்பாக்கிவிட்டால் என்ன

இந்தக் கேள்வி எங்கள் வட்டத்தில் அடிக்கடி சூடான விவாதமாக மாறும். நீர்மட்டம் 120 அடியை முதன்முதலில் தாண்டிய பதிவைக் கண்டுபிடிக்க ஃபைண்டு என்ற சார்பைப் பயன்படுத்தினால், அந்தப் பதிவு கிடைத்த கணமே நிரல் நின்றுவிடும். கோப்பின் எஞ்சிய பகுதி படிக்கப்படவே படாது. தேடல் ஒரு சார்பாகவும், கோப்பைப் படித்தல் வேறொரு சார்பாகவும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தும் இது நடக்கிறது. இந்தப் பிரித்து எழுதும் வசதியே சோம்பலுக்காகக் கணினி அறிஞர் ஜான் ஹ்யூஸ் போன்றோர் முன்வைத்த முதன்மையான வாதம். பட்டியலை வலமிருந்து திரட்டும் ஃபோல்டுஆர் இதற்கு இடம்கொடுக்கிறது. ஃபோல்டுஎல்-ப்ரைம் கொடுக்காது, அது பட்டியலின் கடைசி வரை போயே தீரும்.

எனவே என் வழக்கம் இது: விடை ஒற்றை எண்ணாகவோ சிறு திரட்டாகவோ இருந்து பட்டியல் முழுவதும் தேவைப்பட்டால் ஃபோல்டுஎல்-ப்ரைம்; விடை இன்னொரு பட்டியலாகவோ பாதியில் நிற்கக்கூடியதாகவோ இருந்தால் ஃபோல்டுஆர். ப்ரைம் இல்லாத ஃபோல்டுஎல் தேவைப்படும் இடம் அரிது.

செயலி சேர்ப்புப் பண்புடையதாகவும் (எப்படிக் குழுவாக்கினாலும் விடை மாறாதது), தொடக்க மதிப்பு அதன் சமனியாகவும் (கூட்டலுக்குப் பூஜ்யம் போல) இருந்தால், முடிவுள்ள பட்டியலில் ஃபோல்டுஎல்லும் ஃபோல்டுஆரும் ஒரே விடையைத் தரும் என்பது நிறுவப்பட்ட தேற்றம். ஆனால் டபிள் கூட்டல் சேர்ப்புப் பண்பு உடையது அன்று. சராசரியின் கடைசித் தசம இலக்கங்கள் இரு வடிவங்களிலும் வேறுபட்டால் வியப்படைய வேண்டாம்.

ஸீக் குறித்தும் கோட்பாட்டாளர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. அன்டிஃபைன்டு (கணக்கிட்டால் பிழையாகும் மதிப்பு) என்பதும், \க -> அன்டிஃபைன்டு க என்பதும் எந்த உள்ளீட்டுக்கும் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. சமன்பாட்டு முறையில் இரண்டும் ஒன்றே எனலாம். ஆனால் ஸீக் முதலாவதில் வெடித்துவிடும், இரண்டாவதை ஒன்றும் செய்யாது. ஒன்றாகக் கொள்ள வேண்டிய இரண்டைப் பிரித்துக் காட்டுவதால், ஹாஸ்கெல் நிரல்களைச் சமன்பாடுகளாக நிறுவுகிறவர்கள் ஸீக் இல்லாத உலகத்தைக் கற்பனை செய்துகொண்டே எழுதுகிறார்கள். அந்த விலை கொடுக்கத் தக்கதே என்பது என் கருத்து.

ஆறாம் படி: அணைவாரியாகக் கணக்கிடுதல்

இனி வரிக்கு அணையின் பெயரும் மட்டமும் இருக்கட்டும். அணைவாரியாகத் திரட்ட, சாவிக்கு ஒரு மதிப்பு என்று சேமிக்கும் டேட்டா.மேப் தேவை. இதில் சோம்பலான கூறும் கண்டிப்பான கூறும் தனித்தனியே இருக்கின்றன. இரண்டிலும் சார்புகளின் பெயர்கள் ஒன்றே. இருக்கும் மதிப்போடு புதியதைச் சேர்க்கும் இன்செர்ட்வித், சோம்பலான கூறில் ஒவ்வொரு அணைக்கும் ஒரு கூட்டல் சங்கிலியை வளர்க்கும். டேட்டா.மேப்.ஸ்டிரிக்ட்டை இறக்குமதி செய்யுங்கள். அதுவும் மதிப்பைத் தலைவடிவம் வரையே கணக்கிடும் என்பதால், உள்ளே நமது திரட்டு வகையை வையுங்கள், இணையை வைக்காதீர்கள். மாறும் நிலையைக் கணக்குக்குக் கணக்கு கடத்தும் ஸ்டேட் மோனாடின் ‘ஸ்டிரிக்ட்’ வடிவமும் உள்ளிருக்கும் நிலையைக் கணக்கிடுவதில்லை. மாடிஃபை-ப்ரைம் என்பதையே பயன்படுத்த வேண்டும்.

அணைப் பெயர்கள் தமிழில் இருந்தால் வேறு சில நுணுக்கங்களும் சேர்ந்துகொள்கின்றன. ஆங்கில எழுத்துகளின் பெட்டிகளை ஜி.எச்.சி. முன்கூட்டியே வைத்திருப்பதால், ஸ்டிரிங்கில் அவற்றுக்குக் கண்ணியின் 24 பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி வேண்டும் என்பதால் 40 பைட் ஆகும். பாபநாசம் என்ற சொல்லில் யூனிகோட் கணக்கில் எட்டுக் குறியீடுகள். லெங்த்தும் எட்டு என்றே சொல்லும். ஆக ஒரு சொல்லுக்கு 320 பைட். எழுத்துகளை ஒரே தொடராக அடுக்கி வைக்கும் டெக்ஸ்ட் வகைக்கு மாறினால், 2.0 பதிப்பு முதல் அது யுடிஎஃப்-8 முறையில் சேமிப்பதால், அதே சொல்லின் எழுத்துகள் 24 பைட்டில் அடங்கிவிடும்.

டெக்ஸ்டிலும் ஒரு பொறி உண்டு. வரியைப் பிரித்து எடுத்த துண்டு, எழுத்துகளைப் படியெடுப்பதில்லை. முழுக் கோப்பின் நினைவகத்துக்குள் ஒரு சாளரமாகவே நிற்கிறது. மூன்றே மூன்று அணைப் பெயர்களை மேப்பில் சாவியாக வைத்திருந்தாலும், அவற்றுக்காகக் கோப்பு முழுவதும் உயிரோடிருக்கும். சாவியாக இடும் முன் டெக்ஸ்டின் காப்பி சார்பை அழைத்தால் இது தீரும்.

விடையைப் ப்ரின்ட் கொண்டு அச்சிட்டால், பாபநாசம் என்பதற்குப் பதில் \2986\3006\2986 என்று தொடங்கும் எண்வரிசை வரும். ஷோ சார்பு ஆஸ்கி அல்லாத எழுத்துகளை இப்படித்தான் காட்டும். புட்எஸ்டிஆர்எல்என் அல்லது டெக்ஸ்டின் அச்சுச் சார்பைக் கொண்டு எழுதுங்கள். விண்டோஸில் பிழை வந்தால், முதலில் எச்செட்என்கோடிங் கொண்டு வெளியீட்டை யுடிஎஃப்-8 ஆக்குங்கள்.

ஏழாம் படி: கசிவு திரும்பாமல் காவல் வைத்தல்

கசிவு எங்கே என்று தெரியாத பெரிய நிரலில், +ஆர்டிஎஸ் -எச்டி என்ற தெரிவு முதலில் உதவும். இதில் எச் சிறிய எழுத்து, டி பெரிய எழுத்து. ப்ரொஃபைலிங் கம்பைல் எதுவும் தேவையின்றி, எந்தக் கட்டமைப்பான் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை நேரவாரியாக எழுதித் தரும். தங்க்குகள் ஏறுமுகமாகவே இருந்தால் நான்காம் படியின் நோய். பட்டியல் கண்ணிகளும் டபிள்களும் ஏறினால் மூன்றாம் படியின் நோய்.

இந்த இரு நோய்களையும் சோதனைத் தொகுப்பிலேயே பிடித்துவிடலாம். தங்க் சங்கிலியை இறுதியில் கணக்கிடும்போது, பாதியில் நிற்கும் கணக்குகளை வைக்கும் ஸ்டாக் ஆழமாக வளர்கிறது, ஜி.எச்.சி. இயல்பாக நினைவகத்தின் 80 விழுக்காடு வரை ஸ்டாக்கை அனுமதிப்பதால் அது வெளியே தெரிவதில்லை. சோதனையை +ஆர்டிஎஸ் -கே1எம் என்று, கே மட்டும் பெரிய எழுத்தாக, ஒரு மெகாபைட் வரம்போடு இயக்கினால் நான்காம் படியின் இணை வடிவம் ஸ்டாக் நிரம்பி விழும். முதல் வடிவமோ இந்த வரம்பில் சிக்காமல் தப்பிவிடும், ஏனெனில் அதில் சங்கிலி இல்லை, தங்கிவிட்ட பட்டியல்தான் உண்டு. அதற்கு -எம்20எம் என்று, முதல் எம்மைப் பெரிய எழுத்தாகத் தட்டி, ஹீப் வரம்பு வையுங்கள். 40 மெகாபைட் கேட்கும் நிரல் ஹீப் தீர்ந்ததாகச் சொல்லி நின்றுவிடும். கபால் கோப்பின் சோதனைப் பகுதியில், -வித்-ஆர்டிஎஸ்ஆப்ட்ஸ் கொடியின் வழியாக இரண்டு வரம்புகளையும் நிலையாக எழுதி வைத்துவிட்டால், புதிதாகச் சேர்க்கும் எவருடைய ஃபோல்டும் அவற்றுக்குள் அடங்கினால்தான் உள்ளே வர முடியும்.